மச்சுக்கு லாரி வேண்டாம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க நெல்லையப்பர் துணை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே சேர் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இந்த விஷயத்தை அவரை வைத்துக்கொண்டு பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வரும்போது லாரிக்குச் சொல்லி, அப்பா மச்சில் சேர்த்து வைத்திருக்கும் சாமானையெல்லாம் இரண்டு நாளில் காலி பண்ணிவிடலாம், வெள்ளையடிக்க ஆள் பார்த்து வை என்று சொன்னாய். ஆள் பார்த்துவிட்டேன். லாரி வேண்டாம்.

போன பொங்கலுக்கு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நீங்கள் இருவரும் மூட்டை மூட்டையாக இறக்கிப் போட்டீர்களே, அதற்குப் பிறகு நடந்ததை நான் உன்னிடம் சொல்லவில்லை. நீங்கள் சிங்கப்பூர் கிளம்பிய மறுநாள் காலையில் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு காயலாங்கடைக்குப் போனார். பாதி சாமான் அங்கேயே கிடந்திருக்கிறது. நீ எடைக்குப் போட்ட விலைக்கு மேலே கொடுத்து அதையெல்லாம் திரும்ப வாங்கி வந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் மச்சுக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. சாவி அரைஞாண் கயிற்றில். அதன் பிறகு துடைப்பத்தோடு மாடிப்படி பக்கம் போனாலே “அங்க என்ன வேலை உனக்கு?” என்று கேட்க ஆரம்பித்தார். அதுவரை என்னை அப்படி அவர் கேட்டதில்லை.

நீ அனுப்பிய வீடியோவை முழுசாகப் பார்த்தேன். 1947-இல் நியூயார்க்கில் ஹார்லெம் என்ற இடத்தில் காலியர் என்று அண்ணன் தம்பி இருவர், தாங்கள் சேர்த்த சாமான்களுக்கு நடுவிலேயே செத்துக் கிடந்ததும், அந்த வீட்டிலிருந்து நூறு டன்னுக்கு மேல் அள்ளியதும் பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவை அந்த வரிசையில் நிறுத்தாதே. சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரம்மா சொல்லி ஒரு மனநல டாக்டரிடம் நான் மட்டும் போய்க் கேட்டேன். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார்.

அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எதையும் எறிய முடியாமல் சாமான் சேர்க்கும் இந்தப் பழக்கத்தை முன்பெல்லாம் கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பது மாதிரியான கோளாறோடு சேர்த்துத்தான் எண்ணினார்களாம். 2013-இல் அமெரிக்க மனநல டாக்டர்களின் கையேட்டில் தனிக் கோளாறாகப் பிரித்திருக்கிறார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் தனியாகவே இருக்கிறது. சாமான் எத்தனை என்று அவர்கள் எண்ணுவதில்லை. அடுக்களையில் சமைக்க முடிகிறதா, கட்டிலில் படுக்க முடிகிறதா, ஒன்றை எறியச் சொன்னால் அந்த ஆளுக்கு எவ்வளவு தவிப்பு வருகிறது என்றுதான் பார்ப்பார்களாம். வயசான காலத்தில் திடீரென்று சேர்க்க ஆரம்பித்து, கூடவே மறதியும் குணமாற்றமும் இருந்தால் மூளையைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். அப்பாவுக்கு அது இல்லை. கால் நூற்றாண்டுக்கு முன்னால் யார் வீட்டு ஃபேனில் எந்த கண்டென்சர் போட்டார் என்பதுகூட அவருக்கு நினைவிருக்கிறது. மாத்திரையைவிட உட்கார்ந்து பேசிப் பழக்குவதுதான் இதற்குக் கேட்கும் என்றும், மற்றவர்கள் பலவந்தமாகக் காலி செய்தால் இடம் மறுபடி நிரம்பிவிடும், மனசு மூடிக்கொண்டுவிடும் என்றும் சொன்னார். அதை நாம்தான் கண்ணால் பார்த்தோமே. தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது என்று எழுதியும் கொடுத்தார். அந்தச் சீட்டு காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது.

உனக்குத் தெரியாத இன்னொன்று. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஜங்ஷன் பக்கம் இருந்தவர்கள் பட்டதெல்லாம் நீ டி.வி.யில் பார்த்திருப்பாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. நம் வீட்டில் தார்சாவைத் தாண்டிப் பட்டாசலுக்குள் தண்ணீர் ஏறியதும் நாங்கள் மச்சுக்கு ஏறினோம். ஏறி என்ன செய்ய? உட்கார இடம் இல்லை. ஒரு பக்கம் ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு பக்கம் டியூப்லைட் சோக், நடுவில் வைண்டிங் கம்பிச் சுருள், அதற்கு மேல் தினத்தந்திக் கட்டு. விடிய விடிய இரண்டு பேரும் மாடிப்படியில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்திருந்தோம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவராகவே, “ஒரு பாய் விரிக்க இடம் பண்ணிருக்கலாம்” என்றார். எத்தனையோ வருஷமாக நான் சொல்லாததையா அவர் சொல்லிவிட்டார்? ஆனால் சொன்னது அவர் வாய். அதுதான் கணக்கு.

அதற்காக அவர் சேர்த்தது எல்லாம் வீண் என்றும் நினைத்துவிடாதே. தண்ணீர் வடிந்த பிறகு தெருவில் யார் வீட்டிலும் மோட்டார் ஓடவில்லை. மச்சில் கிடந்த பேரிங்கையும் கண்டென்சரையும் வைத்துத் தெருவில் பாதிப் பேருக்கு மோட்டாரை ஓட வைத்தது அவர்தான். “பாத்தியா?” என்று என்னிடம் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல? அடுத்த வாரமே, அந்தத் தெருக்காரர்கள் நனைந்து போச்சு என்று வெளியே வீசிய டேபிள் ஃபேன்களையும் தூக்கி வந்துவிட்டார். அதுவும் அவர்தான்.

இப்போது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மச்சை நான் தொடவே இல்லை. என் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அடுக்களைப் பரணில் எத்தனை கல்யாணத்துத் தாம்பூலப் பை இருந்தது என்கிறாய்! விவாகரத்தே ஆகிப்போன ஜோடியின் பேர் போட்ட பைகூட மடிப்புக் கலையாமல் இருந்தது. கழுவிக் காயப்போட்ட பால் கவர், ஹார்லிக்ஸ் பாட்டில், மூடி ஒரு பக்கம் டப்பா ஒரு பக்கமாக வந்த ரிட்டன் கிஃப்ட். எல்லாவற்றையும் பட்டாசலில் அவர் கண்ணெதிரே பரப்பி, அவரிடமே யோசனை கேட்டு வெளியே அனுப்பினேன். பிறர் சாமானைக் கழிப்பதில் மனுஷனுக்கு என்ன உற்சாகம்!

பிறகு நினைவு எதுவும் ஒட்டாத சாமான். தேதி முடிந்த மாத்திரை, பேப்பர் கட்டு, கரையான் பிடித்த அட்டைப்பெட்டி. பேப்பரை எடைக்குப் போடுமுன் ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தோம். வீட்டு வரி ரசீதுகளும் ஆச்சி காலத்துப் பத்திர நகலும் தினத்தந்திக்கு நடுவிலிருந்து வந்தன. உன் லாரியில் அதுவும் போயிருக்கும்.

நாள் பார்ப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. செவ்வாய், வெள்ளி வீட்டிலிருந்து பொருள் வெளியே போகக்கூடாது என்பார். சரி என்றால் அஷ்டமி, நவமி என்பார். அமாவாசை அன்று கேட்கவே வேண்டாம். “பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்பாங்களே” என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் எடுத்துவிட்டேன். புதன் என்று முடிவானது. புதன்கிழமைக்கு ஒரு சாக்கு. அது நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் அன்றைக்கு அவ்வளவுதான். நிரம்பிவிட்டதே, இன்னொன்று எடுப்போமா என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த புதனும் போய்விடும்.

மச்சுப் பூட்டை அவரே திறந்த கதைக்கு வருகிறேன். அப்பா ரிப்பேர் கடையை மூடியபோது ஆள் வந்து வாங்காத ரேடியோ, டேப் ரெக்கார்டர், மிக்சி எல்லாம் மச்சுக்கு வந்ததே, நீ அதைக் குப்பை என்கிறாய். ஒரு புதன்கிழமை ஒரே ஒரு ரேடியோவைக் கீழே கொண்டு வந்து துடைத்தார். மரப்பெட்டி, சிலோன் ஸ்டேஷன் கேட்ட காலத்து ரேடியோ. பின்பக்கத்தில் சாக்கு நூலில் ஒரு அட்டைத்துண்டு கட்டியிருந்தது. அவர் கையெழுத்து. “பேட்டை. பேண்ட் மாறவில்லை. அட்வான்ஸ் 20.” அதைக் கையில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு வந்து கேட்டாம்னா என்ன பதில் சொல்ல?” என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, ஐயா. ஒவ்வொரு சீட்டும் அவருக்குக் கடன். காசு வாங்கினோம், வேலையை முடித்துக் கொடுக்கவில்லை என்ற கடன். அதைத்தான் நீ கிலோ கணக்கில் எடைக்குப் போட்டாய்.

அதனால் சீட்டுகளை ஒரு நோட்டில் எழுதினோம். தெரிந்தவர்களிடம் விசாரித்தோம். அந்தப் பேட்டைக்காரர் காலமாகிவிட்டார், பேரன் வந்து வாங்கிப் போனான். தாத்தா ரேடியோ என்று போட்டோ எல்லாம் எடுத்தான். மேலப்பாளையத்து அம்மா ஒருத்தி, “அந்த மிக்சியா? நான் அதுக்கப்புறம் மூணு வாங்கிட்டேன்” என்று சிரித்தாள். ஆளே அகப்படாத சீட்டுக்கு அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். வாங்கிய அட்வான்ஸை நெல்லையப்பர் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்து சீட்டைக் கிழிக்கிறார். சீட்டு கிழிந்த பொருள் சாக்குக்குள் போகலாம். அதைப் போடும்போது அவர் முகத்தில் டாக்டர் சொன்ன தவிப்பு இல்லை.

சீட்டு இல்லாத சாமானுக்கு, “வேணுமா, வேண்டாமா” என்று கேட்பதை விட்டுவிட்டேன். எதைக் கேட்டாலும் வேணும் என்றுதான் வரும். “இது யாருக்கு ஆகும்?” என்று கேட்கிறேன். டவுனில் மோட்டார் வைண்டிங் கடை போட்டிருக்கும் பையன் ஒருவன் மாசத்துக்கு ஒரு தடவை வருகிறான். கம்பிச் சுருளும் கேஜும் அவனுக்குப் போயிற்று. கொடுக்கும்போது ஒரு மணி நேரம் பாடமும் நடக்கிறது. கையில் நல்ல முறுக்கு வைத்து அவனை உட்கார்த்தி வைப்பது என் வேலை.

சில சமயம் வேலை பின்னாலும் போகிறது. ஆடியில் ஒரு மாசம் ஒரு சாக்கும் போகவில்லை. கார்த்திகையில் குப்பைத்தொட்டி ஓரம் கிடந்த வாட்டர் ஹீட்டரைத் தூக்கி வந்தார். நான் சண்டை போடவில்லை. நோட்டில் எழுதச் சொன்னேன். உள்ளே ஒன்று வந்தால் வெளியே இரண்டு போகவேண்டும் என்பது அவரே ஒத்துக்கொண்ட சட்டம், முணுமுணுத்துக்கொண்டே இரண்டை எடுத்துக் கொடுத்தார்.

பழைய டி.வி.யும் டியூப்லைட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. டியூப்பில் பாதரசம், டி.வி. கண்ணாடியில் ஈயம். உடைத்துவிடக் கூடாது என்று அப்பாவுக்குத் தெரியும். காயலாங்கடைக்குப் போனால் செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள் என்று அவருக்குக் கோபம். அது நியாயமான கோபம். மின்கழிவை எடுக்க அனுமதி வாங்கியவர்கள் இந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையப் பக்கத்தில் பார்த்து எனக்குச் சொல். லாரிக்குப் பேசும் நேரத்தில் இந்த வேலையைச் செய்.

வந்த பிறகு உனக்கு ஒரே வேலைதான். கறுப்புக் கவரைக் கையில் எடுக்காதே. புதன்கிழமை அவர் பக்கத்தில் உட்கார். “இது என்னப்பா?” என்று கேள். பதில் நீளமாக வரும், வரட்டும். மச்சில் இப்போது இரண்டு பாய் விரிக்கலாம். வெள்ளையடிக்கிறவரிடம் அந்தப் பக்கச் சுவரை மட்டும் இந்த வருஷம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், அரங்கு வீட்டில் பாதி உன் சாமான். காலேஜ் ஜெராக்ஸ் கட்டு, ஓடாத கம்ப்யூட்டர், கிரிக்கெட் பேடு, “அப்பா வச்சுக்கட்டும்” என்று நீ ஒவ்வொரு தடவையும் விட்டுப்போகும் பழைய போன்கள். அப்பா அதைத் தொட மாட்டார், பிள்ளை சாமான் என்பார். நானும் தொடவில்லை. வந்து நீயே பிரி. நீ படம் வரைந்த மினி டிராப்டருக்கு மட்டும் இப்போதே பதில் சொல். எதிர்வீட்டு மதினி மகன் பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படிக்கிறான், இரண்டு தடவை கேட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொன்னால் போதும்.

அன்புடன்,
அம்மா