வாசலில் படர்ந்த மஞ்சள் பூ

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதமும், அதனுள் மடித்து வைத்திருந்த இலையும் பூவும் நசுங்காமல் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் மாலை நடைக்குப் போகிறாய் என்பதில் மகிழ்ச்சி. வாசலில் படர்ந்து கிடக்கும் செடி மஞ்சள் கரிசலாங்கண்ணிதான் என்று தங்கை உறுதியாகச் சொல்வதாகவும், அதைப் பறித்துப் பொரியல் செய்யலாமா என்றும் கேட்டிருந்தாய். அடுப்பில் ஏற்றுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

நாம் சிறுவயதில் வாய்க்கால் ஓரத்தில் பறித்துக் கசக்கி, உள்ளங்கையைக் கறுப்பாக்கிக்கொண்டு திரிந்தோமே, அதுதான் வெள்ளைக் கரிசலாங்கண்ணி. வள்ளலார் ஞான மூலிகை என்று போற்றிய கரிசாலை. சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகள் எல்லாவற்றையும் போல இதிலும் நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் தலைமஞ்சரி. விளிம்பில் நூலிழை போன்ற வெண்ணிறக் கதிர்ச் சிறுமலர்களும், நடுவில் குழல் வடிவ வட்டுச் சிறுமலர்களும் நெருங்கி அமர்ந்த ஒரு கூட்டம். இதன் விதையில், காற்றில் பறக்க உதவும் பாப்பஸ் மயிர்கள் இல்லை. அந்தக் குறையைச் சுட்டியே ‘குறைவுடையது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எக்லிப்டா என்ற பேரினப் பெயர், அதாவது நெருங்கிய சிற்றினங்களுக்கான பொதுப் பெயர், அமைந்தது. தலைமுடிக்கு எண்ணெய் காய்ச்சும் செடிக்கு மயிர் இல்லாமையால் பெயர் வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

பெயர்க் குழப்பம், செடிகளுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடமே தொடங்கிவிட்டது. 1753-இல் அவர் இந்த ஒரே செடியை வெர்பெசினா ஆல்பா, வெர்பெசினா புராஸ்ட்ராட்டா என்று இரண்டு சிற்றினங்களாக எழுதினார். மஞ்சள் கரிசலாங்கண்ணியையும் அதே பேரினத்தில் வெர்பெசினா கேலண்டுலேசியா என்று சேர்த்தார். ஆக, நம் பாட்டிமார் வெள்ளையையும் மஞ்சளையும் ஒரே பெயரால் அழைத்ததில் அவரும் ஒரு வகையில் உடன்பட்டவர்தான். பிறகு 1771-இல் அவரே எக்லிப்டாவைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். நாம் கல்லூரியில் மனப்பாடம் செய்த எக்லிப்டா ஆல்பா என்ற பெயரை இன்றும் மருந்துப் புட்டிகளில் காணலாம்; ஆயினும் ஏற்கப்பட்ட பெயர் எக்லிப்டா புராஸ்ட்ராட்டா. ஒரே ஆண்டில் பிறந்த இரு பெயர்களுள் எது நிற்பது என்பதை, இரண்டும் ஒன்றே என்று முதலில் இணைத்தவரின் தேர்வுக்கு விடுவது பெயரிடல் விதி.

மஞ்சள் கரிசலாங்கண்ணி வேறு வழியில் போயிற்று. நெடுங்காலம் வெடீலியா என்ற பேரினத்தில் இருந்த அதை, 1996-இல் புருஸ்கி என்ற தாவரவியலாளர் ஸ்பாக்னெட்டிகோலா என்ற பேரினத்துக்கு மாற்றினார். உன் வாசல் செடியின் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. நீ அனுப்பிய இலை தடித்து, பளபளத்து, இருபுறமும் மடல் விட்டு மூன்று பிரிவாக இருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலையோ சொரசொரப்பாக, ஈட்டிபோல் நீண்டு ஒடுங்கியிருக்கும், ஓரத்தில் சில பற்கள் இருந்தாலும் மடல் விடாது. எனவே உன்னுடையது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பரவி, உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இடம்பிடித்த செடி.

ஆனாலும் தங்கையை நீ கேலி செய்ய வேண்டாம். வகைப்பாட்டின்படி, பெயரில் மட்டும் ஒன்றுபட்ட வெள்ளையைவிட இந்த அயல்நாட்டுச் செடிதான் நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு நெருங்கிய உறவு. தென்சீனாவில் இவை இரண்டும் இயற்கையாகவே கலந்து ஒரு கலப்பினமே தோன்றியிருக்கிறது. தங்கையின் கண் பார்த்த சாயல் பொய்யில்லை, ஆனால் உறவு என்பதற்காக அதைக் கீரையாக்கிவிட முடியாது.

செடியைப் பிடுங்குவதானால் தண்டுத் துண்டுகளை வாய்க்காலில் எறிந்துவிடாதே. ஒவ்வொரு கணுவும் முளைத்துவிடும். பொங்கலுக்கு நான் ஊருக்கு வரும்போது, வயல் வரப்பின் ஈரத்தில் உண்மையான மஞ்சளைத் தேடிப் பார்ப்போம். அதுவரை பொரியலுக்கு வெள்ளையே போதும். கொஞ்சம் பாசிப்பருப்புச் சேர்த்துக்கொள்ளச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்