ஏஐ ஏஜென்ட்டுகளுக்கான உங்கள் டூல் விளக்கங்கள் குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், டெவலப்பர் சேவைப் பிரிவு

பொருள்: 'அப்டேட்_ஆர்டர்' டூலின் தவறான விளக்கத்தால் ஆர்டர் விவரங்கள் அழிந்தது, உடனே திருத்தக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் ஆர்டர் மேலாண்மை ஏபிஐயை (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) கட்டணம் செலுத்திப் பயன்படுத்துகிறோம். ஏஐ ஏஜென்ட்டுகள் நேரடியாகப் பயன்படுத்தலாம் என்று நீங்கள் அறிவித்த எம்சிபி சர்வரை (ஏஜென்ட் தானாக அழைக்கக்கூடிய செயல்பாடுகளை 'டூல்'களாகத் தரும் பொது நெறிமுறை எம்சிபி) நம்பி, எங்கள் வாடிக்கையாளர் உதவி ஏஜென்ட்டை அதோடு இணைத்தோம். ஏபிஐயின் வேகத்தில் எனக்குக் குறையில்லை. அதற்கு நீங்கள் எழுதி வைத்திருக்கும் டாக்குமென்டேஷன்தான் பிரச்சினை.

வாடிக்கையாளர் ஒருவர் டெலிவரி தேதியை மாற்றச் சொன்னார். ஏஜென்ட் 'அப்டேட்_ஆர்டர்' டூலை அழைத்து, ஆர்டர் எண்ணையும் புதிய தேதியையும் அனுப்பியது. 200, அதாவது வெற்றி, என்று பதில் வந்தது. தேதி மாறிவிட்டது என்று வாடிக்கையாளருக்கும் சொல்லிவிட்டது. ஆனால் அந்த ஆர்டரில் இருந்த முகவரி, தொலைபேசி எண், டெலிவரிக் குறிப்பு எல்லாம் காலி. உங்கள் டூல் உள்ளுக்குள் புட் (PUT) முறையில், அதாவது பழைய பதிவு முழுவதையும் புதியதால் மாற்றும் முறையில், இயங்குகிறது. நாம் அனுப்பாத ஃபீல்டுகளை அழித்துவிடுகிறது. இதே போல் வேறு பல ஆர்டர்களும் பாழாயின. பொருள் வரவில்லை என்று ஆட்கள் கூப்பிடத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

அந்த டூலுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் விளக்கம் 'ஆர்டரைப் புதுப்பிக்கும்' என்பது மட்டுமே. என்னென்ன ஃபீல்டுகளை அனுப்பலாம் என்று சொல்லும் ஸ்கீமாவிலும் ஆர்டர் எண்ணைத் தவிர எதுவும் கட்டாயம் என்று குறிக்கப்படவில்லை. அதைப் படிக்கும் யாரும், மாற வேண்டியதை மட்டும் அனுப்பினால் போதும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் உதவிக் குழுவிடம் கேட்டபோது, இணையதள வழிகாட்டியில் 'மேம்பட்ட பயன்பாடு' என்ற டேபுக்குள் இது இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும். ஆனால் ஏஜென்ட்டின் கைக்குப் போவது டூலின் பெயர், விளக்கம், ஜேசன் ஸ்கீமா, இவ்வளவுதான். முழுவதையும் மாற்றும் புட்டா, பகுதியை மட்டும் திருத்தும் பேட்ச்சா (PATCH) என்பதுகூட அதற்குத் தெரியாது. ஒரு டெவலப்பர் என்றால் சந்தேகம் வந்ததும் வழிகாட்டியைப் புரட்டுவார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார், டெஸ்ட் ஆர்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். ஏஜென்ட் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உண்மையான ஆர்டரில் கை வைக்கிறது. வேறு மாடலைப் போட்டுப் பாருங்கள் என்றும் ஆலோசனை சொன்னார்கள். எழுதாத ஒன்றை எந்த மாடல் படிக்கும்?

இதைவிட என்னை வருத்தியது ஒன்று உண்டு. எம்சிபி விவரக்குறிப்பின் 2025 மார்ச் பதிப்பிலிருந்து, ஒரு டூல் தரவை அழிக்கக்கூடியதா என்று சொல்ல 'டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்' இருக்கிறது. தரவை மாற்றும் டூலில் அதை எழுதாமல் விட்டால் அழிக்கக்கூடியது என்றே கொள்ள வேண்டும். நீங்களோ மெனக்கெட்டு 'இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள். அழிக்கக்கூடிய டூல் என்றால் எங்கள் செயலி ஊழியரிடம் ஒப்புதல் கேட்ட பிறகே அழைக்கும். உங்கள் குறிப்பால் அந்தத் தடுப்பும் வேலை செய்யாமல் போனது.

மற்ற டூல்களும் இதே நிலையில்தான் இருக்கின்றன. தேதி ஃபீல்டுக்கு வெறும் 'ஸ்ட்ரிங்' (எழுத்துத் தொடர்) என்று இருக்கிறது. 04/05 என்றால் ஏப்ரலா மே மாதமா? ஐஎஸ்ஓ 8601 வடிவம் (ஆண்டு-மாதம்-நாள்) என்று ஒரு வார்த்தை போதுமே. எதைத் தவறாக அனுப்பினாலும் 'தவறான கோரிக்கை' என்ற ஒரே பிழைச் செய்தி வருவதால், எந்த ஃபீல்டு தவறு என்று தெரியாமல் ஏஜென்ட் மதிப்புகளை மாற்றி மாற்றி அனுப்புகிறது. அப்புறம், கோரிக்கைகள் அளவை மீறிவிட்டன என்று சொல்லும் 429 வருகிறது. எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று சொல்லும் ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர் அதில் இல்லை.

இன்னொன்று, ஆர்டரை நிறுத்தி வைக்கும் டூலின் விளக்கத்தையும் ரத்து செய்யும் டூலின் விளக்கத்தையும் அறிவிப்பில்லாமல் மாற்றினீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆனதும், நிறுத்தி வைக்க வேண்டிய இடத்தில் எங்கள் ஏஜென்ட் ரத்து செய்யும் டூலைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. எங்கள் பக்கம் ஒரு வரி கோடும் மாறவில்லை. விளக்கத்தை மாற்றுவதும் எங்களுக்கு வெர்ஷன் மாற்றம்தான், முன்கூட்டியே சொல்லுங்கள்.

முதலில், அழிந்த முகவரிகளை உங்கள் பேக்கப்பிலிருந்து மீட்டுத் தாருங்கள். 'அப்டேட்_ஆர்டர்' விளக்கத்தை இன்றே மாற்றுங்கள். இப்படி எழுதினாலே போதும்: "ஆர்டர் முழுவதையும் மாற்றி வைக்கும். அனுப்பாத ஃபீல்டுகள் அழிந்துவிடும். ஒன்றை மட்டும் மாற்ற, முதலில் கெட்_ஆர்டர் மூலம் எல்லா விவரங்களையும் எடுத்து, மாற்றத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்பவும்." டிஸ்ட்ரக்டிவ்ஹின்ட்டையும் 'ஆம்' என்று திருத்துங்கள். பகுதியாக மட்டும் திருத்தும் தனி டூல் ஒன்று தந்தால் இன்னும் நல்லது. பிழைச் செய்திகளில் எந்த ஃபீல்டு, என்ன வடிவம் எதிர்பார்க்கப்படுகிறது என்பது வர வேண்டும். ஒரு டூலை வெளியிடும் முன், வழிகாட்டி எதையும் கொடுக்காமல் டூல் விளக்கங்களை மட்டும் வைத்து ஒரு ஏஜென்ட்டை ஓட்டிப் பாருங்கள். நான் சொன்ன பெரும்பாலான ஓட்டைகள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பாதிக்கப்பட்ட ஆர்டர்களின் பட்டியலையும், கோரிக்கை, பதில் லாக்குகளையும் இணைத்திருக்கிறேன். இந்தப் பாதிப்பு நீடித்த காலத்துக்கான கட்டணத்தை எங்கள் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும். எதை எப்போது சரிசெய்வீர்கள் என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் தாருங்கள். அதுவரை அந்த டூலை எங்கள் ஏஜென்ட்டிலிருந்து நீக்கி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் ஏபிஐ வாடிக்கையாளர்