ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

15.7.2025

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

வரும் திங்கள்கிழமை ஏழாம் வகுப்பில் இஸ்லாத்தின் தோற்றம் பற்றிய பாடம் தொடங்குகிறது. "வரலாற்று வகுப்பில் மதம் எதற்கு?" என்று ஒரு தந்தை கேட்டார். "நபிகளைப் பற்றி மரியாதையாகப் பேசுவீர்கள்தானே?" என்று ஒரு தாய் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள்.

நாங்கள் நடத்தப்போவது நபிகள் முகம்மது என்ற ஒரு மனிதரின் காலத்தையும் ஊரையும். கி.பி. 570ஐ ஒட்டி மக்காவில் குறைஷிக் குலத்தில் பிறந்தவர். பிறக்கும் முன்பே தந்தையையும் ஆறு வயதில் தாயையும் இழந்தவர். பெரிய தந்தை அபூதாலிபின் நிழலில் வளர்ந்து, கதீஜா அம்மையாரின் வணிகத்தைக் கவனித்து, பின்னர் அவரையே மணந்தார். 610இல், மக்காவை அடுத்த ஹிரா குகையில் அவருக்கு முதல் இறைச்செய்தி வந்தது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. இறைவன் ஒருவனே, அநாதையை விரட்டாதே என்ற பேச்சு மக்காவின் செல்வர்களுக்குக் கசந்தது. 622இல் யத்ரிபுக்குப் பெயர்ந்தார். அதுவே இன்றைய மதீனா. அங்கே யூதர்களையும் உள்ளடக்கி அவர் செய்த உடன்படிக்கைக்குத் தனியாக ஒரு வகுப்பு ஒதுக்கியிருக்கிறோம். 630இல் மக்கா வசமானது, 632இல் மறைந்தார்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதும் பாடத்தில் உண்டு. அவர் வரலாற்றை விரிவாக எழுதிய இப்னு இஸ்ஹாக் இறந்தது 767இல். அந்த நூலும் இப்னு ஹிஷாம் சுருக்கித் தொகுத்த வடிவிலேயே பெரிதும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலுள்ள இரண்டு குர்ஆன் ஏடுகளின் தோல், 568க்கும் 645க்கும் இடைப்பட்டதென்று கரிமக் கணிப்பு காட்டுகிறது. தாத்தா சொன்ன கதைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்குப் புரியும்.

ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு ஒரு மாணவன் இணையத்தில் கிடைத்த தாடிக்காரர் ஒருவரின் படத்தை ஒட்டி, கீழே நபிகள் பெயரை எழுதிவந்தான். நபிகளின் உருவத்தை வரைவது முஸ்லிம்களிடையே பொதுவாக வழக்கமில்லை. அதை முன்பே சொல்லாதது எங்கள் பிழை. செயல்திட்டத்துக்கு மக்கா, மதீனா, சிரியா வணிகப் பாதையின் வரைபடம் போதும்.

சென்ற வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "2025இல் 622ஐக் கழித்தால் 1403தானே ஐயா, காலண்டரில் ஏன் ஹிஜ்ரி 1447?" 622இல் மதீனாவுக்குப் பெயர்ந்ததிலிருந்து எண்ணப்படுவதே ஹிஜ்ரி; ஆனால் அது பிறையை வைத்து எண்ணும் ஆண்டு. பிறை ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்தான்; ஆண்டுக்குப் பதினொரு நாள் முந்திக்கொண்டே வந்திருக்கிறது. கணக்கு ஆசிரியர் இதை வகுப்பிலேயே போட்டுக்காட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். நாள்காட்டித் தாளைக் கிழித்ததும் எறிந்துவிடாமல், ஞாயிற்றுக்கிழமைத் தாளைத் திங்களன்று பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்