இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசுத் தொடக்கப் பள்ளியின் தரம் என்றாலே கட்டடம், ஸ்மார்ட் போர்டு என்றுதான் பேச்சு போகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 மாணவர்கள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புக்கு ஒருவர் வேண்டுமென்றால் குறைந்தது 121 பிள்ளைகள் இருக்க வேண்டும். மலைக் கிராமம் அத்தனை பிள்ளைகளுக்கு எங்கே போகும்?

4, 5 வகுப்புகளை எடுப்பவருக்கு 40 நிமிடப் பாடவேளையில் வகுப்புக்கு 20 நிமிடம். 1 முதல் 3 வரை எடுப்பவருக்கு 13 நிமிடம்தான். ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போன நாளில் ஐந்து வகுப்பும் ஒரே அறையில்.

பலன் நோட்டில் தெரிகிறது. 52-லிருந்து 17-ஐக் கழித்து 45 என்று எழுதுகிறது குழந்தை. ஒன்றுகள் இடத்தில் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. இது கவனக்குறைவு அல்ல. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்து, கடன் வாங்குவதைக் கையில் காட்ட நேரமில்லை, அவ்வளவுதான். இதே பிழையோடு ஐந்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு நீள்வகுத்தல் எப்படி வரும்?

கூடுதல் ஆசிரியரை நியமிக்கச் சட்டம் தடை சொல்லவில்லை. 1, 2 வகுப்புகளுக்கென்றே மூன்றாவது ஆசிரியர் தேவை. அதுவரை, அக்கம்பக்கத்துப் பள்ளிகளை ஒருங்கிணைக்கும் ஒவ்வொரு குறுவள மையத்திலும் ஒரு மாற்று ஆசிரியரையாவது வையுங்கள்.

– வாசகர், தருமபுரி