இனி விடுவதற்குத் துணி இல்லை

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள சிவா,

பனங்காய்ப் பணியாரம் வந்து சேர்ந்தது. இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதில் கை வைத்தபோது வசந்தி பார்த்த பார்வையில் டப்பாவை மூடிவிட்டேன். மிச்சம் மேல்மாடி வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. கோபிக்காதே, காரணத்தை எழுதுகிறேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முன்பு ஒரு காற்சட்டையை இடுப்பில் அகலமாக்க, தையற்கடை நானாவிடம் கொண்டுபோனேன். அதே காற்சட்டைக்கு அது மூன்றாவது தடவை. அவர் உள்தையலைப் பிரித்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், "தம்பி, இனி விடுவதற்குத் துணி இல்லை" என்றார். அவ்வளவு தெளிவாக எந்த டொக்டரும் என்னிடம் பேசியதில்லை.

அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போனேன். உயரம் 168 சென்ரிமீற்றர், எடை 91 கிலோ, இடுப்பு 108 சென்ரிமீற்றர். மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில் 6.1. அது 6.5ஐத் தொட்டால் நீரிழிவு, நான் வாசற்படியில் நிற்கிறேன். பிரஷரும் கூடுதல். இவற்றையெல்லாம் ஓரளவு எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது ஸ்கான் அறிக்கை: ஈரலில் கொழுப்பு. பள்ளிக்கூடக் காலத்தில் நீங்கள் எல்லோரும் ஒளித்துக் குடிக்கும்போது சோடாப் போத்தலோடு காவல் நின்றவன் நான். "ஒரு துளி சாராயம் தொட்டதில்லையே" என்றேன். டொக்டர் சிரித்தார். "சோறும் சீனியும் போதும் ஐயா" என்றார்.

அவர் விளக்கியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பைவிட, வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிப் படியும் கொழுப்புத்தான் பொல்லாதது. அது சும்மா கிடப்பதில்லை, கொழுப்பமிலங்களை நேரே ஈரலுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இரத்தத்துச் சீனியை அடக்கி வைப்பது கணையம் சுரக்கும் இன்சுலின், ஈரலும் தசையும் அதன் சொல்லைக் கேட்க மறுக்கின்றன. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகொடுக்கப் பார்க்கிறது. அது களைத்துப்போகும் நாளில் நமக்குச் 'சீனி வருத்தம்' வந்துவிட்டது என்கிறோம். உண்மையில் அது பத்து வருடங்களாக வந்துகொண்டிருந்திருக்கிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி திறப்பதும் பெரும்பாலும் இதே வயிறுதான்.

என் குறட்டையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹொஸ்டலில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் நீ. அது வெறும் சத்தமில்லையாம். கழுத்தில் சேரும் கொழுப்பு தூக்கத்தில் தொண்டையை அடைக்கிறது, சில நொடிகள் மூச்சு நிற்கிறது, உடல் திடுக்கிட்டு விழிக்கிறது. ஓர் இரவில் இப்படிப் பல தடவை. அந்தத் திடுக்கிடல் பிரஷரையும் ஏற்றுகிறது. பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது நான் ஒருநாள் கண்ணயர்ந்ததும், பின்னால் நின்ற பஸ்காரர் என் பரம்பரையை வாழ்த்தியதும் இதனால்தான். முழங்கால் கதையும் உண்டு: ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் நாலு கிலோ சுமை குறையுமாம். புற்றுநோயைப் பற்றிக் கேட்டபோது, குடல், சிறுநீரகம், ஈரல், கணையம் என்று தொடங்கி 13 வகைகளுக்கு உடற்பருமனோடு தொடர்பு உண்டு என்றார். மேலே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது 86 கிலோ. நாலு மாதம் பிடித்தது. பெரிய வித்தையொன்றும் இல்லை. பகல் பார்சல் சோற்றை இரண்டாகப் பிரித்துப் பாதியைப் பியூனுக்குக் கொடுக்கிறேன் (அவன் இப்போது பருக்கத் தொடங்கியிருக்கிறான், அது வேறு கவலை). ரோல்ஸ், பற்றிஸ் இல்லை. மாலையில் மரைன் டிரைவில் ஒரு மணி நேரம் நடை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பொரித்த கோழி வாசம். சீனியில்லாத தேநீர்தான் பெரிய தண்டனை. மூன்று கரண்டி போட்டுக் குடித்த நாக்கு இன்னும் மன்னிக்கவில்லை. எடையில் ஐந்து முதல் பத்து வீதம் குறைந்தாலே சீனியும் பிரஷரும் இறங்கத் தொடங்கும் என்று டொக்டர் சொன்னார். என் பிரஷர் இறங்கியிருக்கிறது.

ஆனால் சிவா, பசியைவிடச் சனம்தான் என்னைப் படுத்துகிறது. 91 கிலோவில் கோயிலுக்குப் போனால், "கொழும்புத் தண்ணி ஒத்துக்கொண்டது, முகத்தில் என்ன களை!" என்றார்கள். இப்போது அதே ஆட்கள் வசந்தியைத் தனியாக அழைத்து, "அவருக்கு என்ன வருத்தம்? வேலையில் ஏதும் பிரச்சினையா?" என்று கேட்கிறார்கள். அம்மா தொலைபேசியில் படத்தைப் பார்த்துவிட்டு அழுதேவிட்டார். பட்டினியையும் இடப்பெயர்வையும் கண்ட தலைமுறை. அந்தக் கண்ணுக்குச் சதைதான் சுகம். அவர்களோடு வாதாட முடியவில்லை, வாதாட மனமும் இல்லை.

இனி உன் விடயம். 170 சென்ரிமீற்றருக்கு 72 கிலோ, உடல் நிறைச் சுட்டெண் (கிலோ எடையை மீற்றர் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வரும் எண்) 24.9, 25க்கு உள்ளேதான் என்று பெருமையாக எழுதியிருந்தாய். மச்சான், அந்த 25 நமக்கானதில்லை. ஆசிய உடம்புகளுக்கு 23இலேயே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர்கள் 2004ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். ஒல்லிக் கால்களுக்கு மேலே பானை வயிறு என்பது நம் ஊர் ஆண்களின் தேசிய உடை. நம்மவர்களில் ஆணுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80, அதுதான் எல்லைக்கோடு. உன் அப்பாவுக்குச் சலரோகம் இருந்ததையும் நான் மறக்கவில்லை.

சின்னவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், நள்ளிரவில் நூடுல்ஸ் அவிக்கிறாள். எங்கள் மாடியின் லிஃப்ட் பழுதாகி மூன்று வாரம். முந்தி என்றால் சண்டைக்குப் போயிருப்பேன்.

தையல் நாடா ஒன்றை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் அளந்து, எண்ணை அடுத்த கடிதத்தில் எழுது. தங்கச்சியிடம் கொடுத்து அளக்கச் சொல். நீயே அளந்தால் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வாய்.

அன்புடன்,
குமார்