முகம் சுளித்தவர்

அன்புள்ள நித்திலா,

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் 'ஏர்' உருப்படியை உங்கள் மூவர் குழு ஜாஸாக மாற்றி வாசித்து நீ அனுப்பிய பதிவை அப்பாவும் நானும் கேட்டோம். அப்பா முதல் தடவை கேட்டுவிட்டு வாயே திறக்கவில்லை. பிறகு தனியாக இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். அவருடைய பாராட்டு அவ்வளவுதான், உனக்குத் தெரியாததா?

உன் கடிதத்தில் கைதட்டலைப் பற்றி ஒரு வரி, அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு பக்கம். நிகழ்ச்சி முடிந்ததும் நேரே உன்னிடம் வந்து, "பாக்கை ஏம்மா இப்படிப் பாடாய்ப் படுத்துகிறீர்கள்?" என்று கேட்டாராம். மற்றவர்களெல்லாம் "கேட்க இதமாக இருந்தது" என்றார்களாம். உனக்கு அவர் சொன்னது முள்ளாகத் தைக்கிறது. எனக்கு அந்த 'இதம்'தான் கவலையாக இருக்கிறது.

அவர் எந்த இடத்தில் முகம் சுளித்திருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 'ஏர்' தொடக்கத்தில் வயலின் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழே தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் மட்டும் ஒரே சீரான நடையில் போய்க்கொண்டிருக்கும். மேலே எதுவும் நடக்காதது போலத் தோன்றும், ஆனால் கீழே ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சுரத்தின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பாட்டின் உயிரே அங்கேதான். பியானோவில் சுரம் அப்படி நிற்காது, தட்டியதும் தேய ஆரம்பித்துவிடும். அந்த வெற்றிடம் பொறுக்காமல் நீ சுரவரிசையின் மூன்றாவதையும் ஏழாவதையும் தாழ்த்தி, ப்ளூஸ் சுரங்களால் நிரப்பிவிட்டாய். தனியாகக் கேட்டால் அழகான கோர்வைதான். ஆனால் அந்த நீண்ட சுரத்துக்காகவே காது கொடுத்துக் காத்திருந்தவருக்கு, ஆசையாகக் கேட்க வந்தது கிடைக்காமல் போயிற்று. ஜாஸ் மேல் அவருக்கு வெறுப்பு என்று நீ முடிவு கட்டியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கைதட்டல் எங்கே விழுந்தது, கவனித்தாயா? டிரம்ஸ் தனியாக வாசித்து ஓய்ந்து, மூல மெட்டு திரும்பி வந்த இடத்தில். தெரிந்த மெட்டைத் தெரிந்துகொண்ட சந்தோஷம் அது. அதில் தப்பில்லை. ஆனால் நடுவில் நீங்கள் மூன்று பேரும் பாடுபட்டு வாசித்ததற்கு விழுந்த கைதட்டல் என்று எண்ணி ஏமாறாதே.

இந்தச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. 1938-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பாக் சங்கம், வானொலிகளில் செவ்வியல் இசையை ஸ்விங்காக, அதாவது ஜாஸின் துள்ளல் நடையில், வாசிப்பதை எதிர்த்து மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கே புகார் எழுதியது. அதே ஆண்டு கடைசியில் ஸ்விங் குழுத் தலைவர் பென்னி குட்மன் 'பாக் கோஸ் டு டவுன்' பதிவு செய்தார். வேடிக்கை என்னவென்றால் அது பாக் எழுதியதே இல்லை. அலெக் டெம்பிள்டன் பாக் பாணியில் புதிதாக எழுதிய, ப்ரெலூடும் ஃப்யூகும் என்ற இரட்டை உருப்படிதான். 1960-ல் ஜாஸ்காரர்களான டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் நார்வே இசையமைப்பாளர் க்ரீக்கின் 'பேர் கிந்த்' இசையைத் தங்கள் குழுவுக்காக மாற்றி எழுதியபோது நார்வேக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அதே ஆண்டு அவ்விருவரும் சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலே இசையைச் செய்ததையும் கேள். மணி போல ஒலிக்கும் செலஸ்தாவில் பனித்துளி போல விழும் சர்க்கரைத் தேவதையின் நடனம், டெனர் சாக்ஸபோனில் மிதமாகப் போதையேறியவள் நடப்பது போல அசைந்து வருகிறது. மெட்டு அதேதான், ஆள்தான் வேறு. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

பாரிஸில் ஜாக் லூசியே 1959-ல் தொடங்கிய மூவர் குழுவுக்கு வேறு மாதிரி வரவேற்பு. பேஸில் பியெர் மிஷலோ, டிரம்ஸில் கிறிஸ்தியன் காரோ. இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. செவ்வியல்காரர்களில் ஒரு சாரார் 'பாக்கைக் கெடுத்தார்' என்றார்கள், ஜாஸ்காரர்களில் ஒரு சாரார் 'இதில் ஸ்விங் எங்கே, விருந்து மண்டபத்துப் பின்னணி இசை' என்று உதடு பிதுக்கினார்கள். இரண்டாவது குற்றச்சாட்டுக்குத்தான் நீ பயப்பட வேண்டும். ப்ளூஸ் என்பது உப்பைத் தூவுவது போல ஏழாம் சுரத்தைத் தாழ்த்திவிட்டு வருவதில்லை. அது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வாழ்ந்து பெற்ற இசை. அதைக் காதாரக் கேட்டு வளர்ந்தவர் உன் அரங்கில் இருந்தால் அவரும் முகம் சுளித்திருப்பார், வேறு காரணத்துக்காக.

அமெரிக்கக் கறுப்பினப் பாடகி நினா சிமோனை நினைத்துக்கொள். செவ்வியல் பியானோ கலைஞராக வேண்டும் என்றுதான் அவர் படித்தார். பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்வி நிறுவனம் இடம் தரவில்லை. நிறம்தான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். தன் முதல் ஆல்பத்தில் ஒரு காதல் பாட்டின் நடுவே அவர் விரல்கள் பாக் பாணியில் இரண்டு குரல்களைப் பின்னிக்கொண்டு போகின்றன. ரசிகர்களை மகிழ்விக்கச் செய்தது போலவே இருக்காது. இது என்னுடையது, யாரிடம் கேட்க வேண்டும் என்பது போல இருக்கும்.

மாடர்ன் ஜாஸ் குவார்டெட் என்ற நால்வர் குழு 1973-ல் பதிவு செய்த 'ப்ளூஸ் ஆன் பாக்' எனக்கு இன்னும் ஒரு படி மேலே. பாக்கின் உருப்படிகளை அதிகம் கலைக்காமல் வாசித்துவிட்டு, இடையிடையே தனி ப்ளூஸ் நான்கு. ஜெர்மானிய வழக்கில் பி, ஏ, சி, ஹெச் என்பவை சுரப் பெயர்கள், சேர்த்துப் படித்தால் பாக்கின் பெயர். அந்த நான்கிலும் ஒவ்வொரு ப்ளூஸ். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறவில்லை.

உன் வாத்தியார் அந்தப் பெரியவருக்குச் சொல்லச் சொன்ன பதிலைச் சொல்லாதே. வயலினின் ஜி தந்தி பெயரில் 'ஏர் ஆன் தி ஜி ஸ்ட்ரிங்' என்று எல்லோரும் அறிந்த வடிவமே 1871-ல் வில்ஹெல்மி மாற்றி அமைத்தது, பாக்கே விவால்டியின் நான்கு வயலின் கான்செர்ட்டோவை பியானோவுக்கு முந்தைய விசைக்கருவியான ஹார்ப்சிகார்டு நான்குக்கு மாற்றியவர், எல்லாம் உண்மை. ஆனால் அவர் சட்டம் பேச வரவில்லையே. அவருக்கு ஒரு சுரம் கிடைக்கவில்லை. வழக்கில் ஜெயித்துவிடலாம், அவர் அடுத்த நிகழ்ச்சிக்கு வரமாட்டார். "எந்த இடத்தில் உறுத்தியது?" என்று கேட்டு எழுது. சொல்லக்கூடியவர் என்றுதான் படுகிறது.

அதற்கு முன் ஒன்று செய்து பார். அந்த நீண்ட சுரத்தைத் தட்டிவிட்டுக் கையை எடுக்காமல் சும்மா இரு. அது தேயட்டும். பேஸ் நடந்து போகட்டும். உன் ப்ளூஸை இரண்டாம் பகுதிக்கு வைத்துக்கொள், அங்கே இடம் நிறைய இருக்கிறது. டிரம்ஸ் தம்பியிடம் முதல் பகுதியில் டிரம்ஸை மெல்ல வருடும் பிரஷ்ஷைக்கூடத் தொட வேண்டாம் என்று சொல். அவன் முறைப்பான், பரவாயில்லை.

இரண்டு விதமாகவும் பதிவு செய்து அனுப்பு. பேஸ் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லச் சொன்னார் அப்பா.

அன்புடன்,
அம்மா