எங்களை அந்த வீட்டிலேயே இருக்க விடுங்கள்

கேப்காமின் ரெசிடென்ட் ஈவில் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ரெசிடென்ட் ஈவில் திகில் வீடியோ கேம்களில் எந்தக் கதவுக்கு எந்தச் சாவி என்பது எனக்கு மனப்பாடம். என் வீட்டு ஸ்விட்ச் போர்டில் எது ஃபேன், எது லைட் என்பதில்தான் இன்னும் தடுமாற்றம். அந்த உரிமையில் ஒரு குறை சொல்கிறேன்.

2017இல் வந்த ஏழாம் பாகத்தில், லூசியானா சதுப்பு நிலத்தில் பேக்கர் குடும்பத்தின் வீடு. நம்மைத் துரத்தும் குடும்பத் தலைவர் ஜாக் பேக்கர் எந்தப் பக்கமிருந்து வருவாரோ என்று ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று காது கொடுத்துக் கேட்டேன். மனிதர் சுவரை இடித்துக்கொண்டு வந்தார். அந்த வீட்டிலேயே கடைசிவரை கிடந்திருப்பேன். நீங்களோ கப்பலுக்கு அனுப்பினீர்கள், அங்கிருந்து உப்புச் சுரங்கத்துக்கு. இடம் மாறியதும் பயம் இறங்கிவிட்டது. வீட்டில் ஒன்றைக் கண்டாலே நான் ஓடி ஒளிந்தேனே, அந்தக் கறுப்புப் பிராணிகளைச் சுரங்கத்தில் மெஷின் கன்னால் கொத்துக் கொத்தாகச் சாய்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே இடம் என்றால் சலித்துவிடும் என்று நினைக்கிறீர்கள் போல. 1996இல் வந்த முதல் பாகத்தில் நீங்களே அதற்குப் பதில் சொல்லிவிட்டீர்களே! ஸ்பென்சர் மாளிகையைச் சுற்றிச் சுற்றிப் பழகி, வெளியே உள்ள காவலர் விடுதிக்குப் போய்விட்டுத் திரும்பினால், நாம் வந்த வழியே ஏதோ ஒன்று ஓடி வருகிறது. அதை அதன் கண் வழியாகவே காட்டினீர்கள். அதே சுவர், அதே படிக்கட்டு. ஜாம்பி நின்ற இடத்தில் இப்போது ஹன்டர் என்ற நகமுள்ள மிருகம். 2002 மறுவடிவத்தில் இன்னும் கொடுமை. சுட்டு வீழ்த்திய ஜாம்பியை எரிக்காமல், தலையையும் சிதைக்காமல் விட்டால், பிறகு சிவந்த தலையோடு எழுந்து துரத்தும். மண்ணெண்ணெயோ கொஞ்சம்தான். எந்தத் தாழ்வாரத்தில் அடிக்கடி நடக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் போட்டு எரித்தோம். இதற்கெல்லாம் ஒரு புது அறைகூடத் தேவைப்படவில்லை.

2019இல் வந்த இரண்டாம் பாகத்தின் மறுவடிவத்திலும் அப்படித்தான். காவல் நிலையத்து ஜன்னல்களைப் பலகையால் அடைத்து, அப்பாடா, வழி நம் கைக்கு வந்துவிட்டது என்று மூச்சு விடும்போது விடாமல் துரத்தும் ராட்சத மனிதன் மிஸ்டர் எக்ஸின் பூட்ஸ் சத்தம்!

புது இடமே கூடாது என்று சொல்லவில்லை. நாலாம் பாகத்தில் கிராமம், கோட்டை, தீவு என்று போனது சரி, அது சண்டைக்கான கேம். 2021இல் வந்த வில்லேஜில் பெனவியென்டோ வீடு ஒன்று போதும் உங்கள் திறமைக்கு. அதற்கு முன் அதே கேமின் கோட்டையில் சுட்டுக்கொண்டே ஓடியவர்களிடம் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, பொம்மைகளுக்கு நடுவே விட்டீர்கள். எங்கள் நடையே மாறிவிட்டது. ஆனால் அது சட்டென்று முடிந்தது. இழு இழு என்று இழுத்தது வில்லன் ஹைசன்பெர்க்கின் தொழிற்சாலைதான். அப்புறம் ராணுவ வீரர் கிறிஸ் வந்ததும் முழு யுத்தம்.

அடுத்த கேமில் கடைசி இரண்டு மணி நேரத்துக்கு லேப், சுரங்கம், தொழிற்சாலை எதுவும் வேண்டாம். ஏழாம் பாகத்தில் சுரங்கத்தை விட்டு மேலே ஏறினால், முதன்முதலில் நுழைந்த அதே விருந்தினர் வீடு. திக்கென்றது எனக்கு. சுற்றிப் பார்ப்பதற்குள் வீட்டையே இடித்துத் தள்ளிவிட்டீர்கள். அங்கே இன்னும் ஒரு அரை மணி நேரம் விட்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஆட்டத்தைச் சேமிக்கும் உங்கள் சேவ் அறையின் இசையைக் கேட்டால் இன்றும் தோள் தளரும் ஒருவன்